செயலாளரின் ஆண்டறிக்கையும் கிளிங்கன்டால் பூங்காவும்

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நிர்வாகக் குழு ஆறு தடவை கூடியது. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். பொங்கல் விழாவும் தமிழ் வகுப்புகளும் வழமைபோல நடந்தன. நாம் இரண்டு தடவை போய்வந்த கிளிங்கன்டால் ஜப்பானியப் பூங்காவைப் பற்றித்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நெதர்லாந்தின் டென் ஹாக் நகரில் நீண்டகாலமாக இருக்கும் நம்மில் பலர் அதற்குள் போனதே இல்லை. வசந்தகாலத்தில் ஏறத்தாழ ஆறு கிழமையும் இலையுதிர்காலத்தில் இரண்டு கிழமையும் மட்டுமே அது திறந்திருக்கும். அனுமதி இலவசம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 'லேடி டெய்சி' என்று அழைக்கப்பட்ட சீமாட்டி மார்கரீத் வான் பிரீனன் உருவாக்கிய தோட்டம் இது. கப்பலேறி ஜப்பானுக்குப் போனவர், அங்கிருந்து கல்விளக்குகளையும் கல்தொட்டியையும் கொண்டுவந்து வைத்தார்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை நாற்பது பேர் ஒன்றாகப் போனோம். அசேலியா பூத்துக் குலுங்கிய நேரம். ஆனால் எனக்குக் கண் போனது தரைக்குத்தான். வேரிலும் கல்லிலும் கரையிலும் மெத்தை விரித்தாற்போல் பாசி. தோட்டப் பணியாளர் ஒருவர் முழங்காலில் இருந்து, அதில் விழுந்த சருகுகளை ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கிக்கொண்டிருந்தார். பாசிக்கு உண்மையான வேர் கிடையாது; மிதித்தால் பெயர்ந்துவிடும். பூங்காவை ஆண்டில் பெரும்பகுதி பூட்டி வைப்பது இதைக் காக்கத்தான். அது முற்றிலும் சரி என்பது என் எண்ணம்.

ஒடுங்கிய பாதையில் நெரிபட்டு, நம் பிள்ளை ஒன்றின் கால் பாசியில் பட்டுவிட்டது. அந்தப் பணியாளர் ஒன்றும் பேசாமல் வந்து, பெயர்ந்த துண்டை உள்ளங்கையால் அமுக்கி வைத்துவிட்டுப் போனார். பிழை பிள்ளையினது அல்ல. அத்தனை பேரை ஒரேயடியாகக் கூட்டிப்போன எங்களுடையது. நிர்வாகக் குழு சார்பில் வருத்தம் தெரிவிக்கிறேன்.

ஒக்டோபரில் திருத்திக்கொண்டோம். வார நாள் காலை, எட்டே பேர். மேப்பிள் இலைகள் சிவந்திருந்தன. கூட வந்த அம்மம்மா ஒருவர் கல்தொட்டியருகே பேத்தியின் கையைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். தண்ணீரில் விழுந்த இலையொன்று சுற்றிச் சுற்றி விளிம்பில் ஒதுங்கிய பிறகுதான், "இனிப் போவம் பிள்ளை" என்றார். அவசரப்படுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டும் எட்டு எட்டுப் பேராகவே போக வேண்டும் என்று முன்மொழிகிறேன். முதியோருக்கு முதலிடம். பெயர்களை மார்ச் மாத முடிவுக்குள் தாருங்கள். காலையில் கார் ஓட்டிவர இருவர் தேவை.

நன்றி.
செயலாளர்