இருட்டில் உருவான ஏடிபி

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. கோபமாகத்தான் இருப்பாய், திட்டு. அம்மா நலம். நீ கொடுத்த பிரண்டை மாடிக் கம்பி முழுக்கப் படர்ந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பதினோராம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்தினேன், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி அதில் எப்படி உருவாகிறது என்று. ஒரு பெண் எழுந்து, “மிஸ், ஒளி எப்படி ஏடிபிக்குள்ள போகுது?” என்றாள். “புத்தகத்தில் இருக்கிறபடி எழுது” என்று சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்தாள். அதன் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நாம் கேட்டபோது குடைக்கார சார் இப்படியா சொன்னார்? இரண்டு நாள் தூக்கமில்லை எனக்கு.

அப்புறம் உட்கார்ந்து படித்தேன். ஒளி ஏடிபிக்குள் போவதே இல்லை, செல்வி! அது பச்சையத்திலிருந்து எலக்ட்ரானைக் கிளப்பிவிடுகிறது, அவ்வளவுதான். அந்த எலக்ட்ரான் கைமாறிப் போகும் வழியில் புரோட்டான்கள், பசுங்கணிகத்துக்குள் இருக்கும் தைலகாய்டு என்னும் பைக்குள் சேர்கின்றன. நீர் பிளவுபடுவதாலும் அங்கே புரோட்டான்கள் மிஞ்சுகின்றன. புரோட்டான் கூடக்கூட உள்ளே புளித்துப்போகிறது, அதாவது அமிலமாகிறது. அவை வெளியேற இருப்பது ஒரு ராட்டினம், ஏடிபியை உருவாக்கும் நொதி. பசலைக்கீரையில் அதற்கு 14 இருக்கை. இருக்கைக்கு ஒரு புரோட்டான் ஏறி மறுபக்கம் இறங்க, ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி.

பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்சல் 1961இல் இதைச் சொன்னபோது நம்பியவர்கள் குறைவு. 1966இல் ஜாகன்டார்ஃபும் யூரிபேயும் என்ன செய்தார்கள் தெரியுமா? பசலைக்கீரையின் பசுங்கணிகங்களை பிஎச் 4 உள்ள அமிலத்தில் ஊறவைத்து, சட்டென்று காரத்தன்மையுள்ள பிஎச் 8 கரைசலுக்கு மாற்றி, அடினோசின் டைபாஸ்பேட்டும் (ஏடிபியைவிட ஒரு பாஸ்பேட் குறைந்தது) தனி பாஸ்பேட்டும் கலந்தார்கள். எல்லாம் கும்மிருட்டில். ஏடிபி உருவானது! ஒளி செய்ய வேண்டிய வேலையைப் புளிப்பு செய்துவிட்டது. மிட்சலுக்கு 1978இல் நோபல் கிடைத்தது.

உன் ஆய்வகத்தில் மின்மினி நொதி இருக்கிறதல்லவா? மின்மினியின் லூசிஃபெரின் என்ற பொருளும் கூட இருந்தால், ஏடிபி பட்டதும் ஒளி வரும். இருட்டறையில் அந்தப் பெண்ணுக்கு இதைச் செய்து காட்ட வேண்டும். திங்கட்கிழமை வகுப்பில் அவளிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறேன். அரையாண்டு விடுமுறையில் அழைத்து வரட்டுமா? கீரை நான் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
கோமதி