பியானோவை உடைக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குன்னூரில் 30 வருடமாக மரவேலை செய்கிறேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு பழைய பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். மழை ஒழுகும் அறையில் கிராண்ட் பியானோ ஒன்று கிடந்தது. "இதை உடைச்சு, நல்ல பலகையாப் பார்த்து ஒரு சாப்பாட்டு மேசை செஞ்சு கொடுங்க. இரும்பைக் காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றார்கள்.

மூடியைத் தூக்கினேன். தந்தியெல்லாம் துரு. தந்தியைத் தட்டும் சுத்தியல்களின் கம்பளியை அந்துப்பூச்சி அரித்திருந்தது. ஆனால் பலகைகள் சேரும் இடங்களில் வஜ்ஜிரப் பசையோடு விடாமல் பித்தளைத் திருகாணியும் போட்டிருந்தார்கள். ஈரக்காற்றில் வஜ்ஜிரம் இளகிவிடும் என்பதால், வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பியானோக்களை அப்படித்தான் செய்வார்களாம். அந்த வேலையின் மேல் உளி வைக்க எனக்குக் கை வரவில்லை. மரத்துக்கு உண்டான விலையைக் கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன். எட்டுப் பேர் சேர்ந்து வண்டியில் ஏற்றினோம்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 1853-ல் தொடங்கிய புளூத்னர் கம்பெனியின் பியானோ அது. பழுது பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தந்தியின் அதிர்வை வாங்கி ஒலியைப் பெருக்கும் ஒலிப்பலகையில் மூன்று விரிசல். ஸ்புரூஸ் மரத்தில் மெல்லிய சீவல் செதுக்கி அடைத்தது நான். புதுத் தந்தி கட்டியது அவர். எல்லாத் தந்தியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 18, 20 டன் வருமாம். அதனால் சுருதியை ஒரே நாளில் ஏற்றாமல், ஆறு மாதத்தில் நான்கு முறை வந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்.

விரலால் அழுத்தும் மேல் சுருதிக் கட்டை ஒவ்வொன்றுக்கும் மூன்று தந்திதான் வழக்கம். இதில் நான்கு இருந்தது. நான்காவதைச் சுத்தியல் தொடவே இல்லை. பழுதோ என்று கேட்டேன். "காதை வைத்துக் கேளுங்கள்" என்று கட்டையை அழுத்தினார். பக்கத்துத் தந்திகளின் அதிர்வில் அது தானாகவே பாடியது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பெரியவருக்கு இப்போது 70 வயதுக்கு மேல். கண் மங்கி வருகிறது. தொழிலைக் கற்றுக்கொள்ள அவரிடம் ஒருவரும் வரவில்லை. பழைய பங்களா, கான்வென்ட், கிளப் வைத்திருப்பவர்கள், பியானோவை எடைக்குப் போடும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அரசு இசைக் கல்லூரியிலோ ஐ.டி.ஐ.யிலோ இந்த வேலைக்கு ஒரு வகுப்பு தொடங்க வேண்டும். மரவேலைப் பகுதியை நானே சொல்லித் தருகிறேன், சம்பளம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மரவேலைக்காரன்,
குன்னூர்.