கழுவிய தண்ணீரையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கஞ்சா நிறுவனங்கள் சுற்றுச்சூழலைக் காப்பதற்கு என்னென்ன செய்கின்றன என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. மின்சாரத்தைப் பற்றியும் பிளாஸ்டிக் டப்பாக்களைப் பற்றியும் நன்றாகவே எழுதியிருந்தீர்கள். நான் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் லெமிங்டன் பக்கம், உரிமம் பெற்ற ஒரு கஞ்சாப் பசுமைக்குடிலில் ஆறு வருடமாகக் கொள்முதல் பிரிவில் வேலை. செடியை நான் தொடுவதில்லை. ஆனால் செடிக்கு வேண்டிய எல்லாமே என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அங்கே உட்கார்ந்து பார்க்கிற எனக்கு, உங்கள் கட்டுரையில் ஒரு முக்கியமான பொருள் விட்டுப்போனது உறுத்தியது. அது எங்கள் ஊரிலிருந்து வருகிற பொருள் என்பதால் கூடுதலாகவே உறுத்தியது.

எங்கள் செடிகள் மண்ணில் வளர்வதில்லை. தென்னை நார்க்கழிவில் வளர்கின்றன. பொள்ளாச்சிப் பக்கம் நாங்கள் பித் என்று சொல்வோம். தேங்காய் மட்டையை மஞ்சி மில்லில் அடித்து நாரைப் பிரித்த பிறகு மிஞ்சுகிற பழுப்புத் தூள். அதைக் காயவைத்து, அழுத்தி, ஐந்து கிலோ கட்டியாக்கி அனுப்புகிறார்கள். ஓர் அடிக்கு ஓர் அடி, செங்கல் மாதிரி இருக்கும். தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் பொங்கி எழுபது லிட்டர் அளவுக்கு வந்துவிடும். முதல் முறை எங்கள் கிடங்கில் ஒரு கட்டியை உடைத்துத் தண்ணீர் விட்டார்கள். மழை நாளில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மட்டைக் குவியல் நனைந்தால் என்ன வாசம் வருமோ, அதே வாசம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தொழிலைப் பற்றி வீட்டில் சொல்லவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் இது சட்டப்படியான தொழில் என்று அப்பாவுக்குப் புரியவைப்பது எளிதாக இல்லை. அவரைப் பொறுத்தவரை கஞ்சா என்றால் போலீஸ், ஜெயில். இந்தியச் சட்டமும் அப்படித்தானே இருக்கிறது. சரி, அது வேறு கதை.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மூடிய கட்டடத்துக்குள் விளக்கு போட்டு வளர்த்தால் என்ன ஆகும் என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் கணக்கிட்டார்கள். அமெரிக்காவில் ஒரு கிலோ காய்ந்த கஞ்சாப் பூவுக்கு, இடத்தைப் பொறுத்து 2,283 கிலோ முதல் 5,184 கிலோ வரை கரியமில வாயுவுக்கு நிகரான வெளியேற்றம். காற்றைக் குளிர்வித்து ஈரம் நீக்குவதும், விளக்குகளும், செடிக்கென்று ஊட்டுகிற கரியமில வாயுவும்தான் அதில் பெரும்பங்கு. ஒன்டாரியோ 2014லேயே நிலக்கரி மின்சாரத்தை நிறுத்திவிட்டது. இங்கே பெரும்பாலும் அணுமின்சாரம், நீர்மின்சாரம். எங்களுடையது கண்ணாடிக்கூரை, வெயிலும் கிடைக்கிறது. அதனால் நிலைமை அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் குளிர்காலத்தில் எரிவாயு எரிக்காமல் முடியாது. திறந்த வயலில் வளர்ப்பதற்கு நல்ல விலை கொடுத்து, அதை இன்னும் கூடுதலாக வாங்கினால் இந்தச் சுமை பெரிதும் குறையும் என்பது என் கருத்து.

டப்பா விஷயத்துக்கு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் மூன்றரை கிராம் டப்பாவை வீட்டுச் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். மூடியோடு 31 கிராம். உள்ளே இருக்கிற பூவைப்போல ஒன்பது மடங்கு. குழந்தைகள் திறக்க முடியாத மூடி கட்டாயம் வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆனால் அது இவ்வளவு கனமாக இருக்க வேண்டியதில்லை, கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. கரித்தூள் கலந்த கறுப்பு பிளாஸ்டிக்கை மறுசுழற்சி ஆலைகளில் பிரிக்கிற கருவிகளால் கண்டுபிடிக்க முடிவதில்லை. மறுசுழற்சிக்கான நீலப் பெட்டியில் போட்டாலும் குப்பைமேட்டுக்குத்தான் போகும். அப்புறம் மாகாணத்துக்கு மாகாணம் தனித்தனி நிறத்தில் வரி முத்திரை. ஒன்டாரியோ முத்திரை ஒட்டிய சரக்கை ஆல்பர்ட்டாவுக்கு அனுப்ப முடியாது. ஒரு மாகாணத்தில் ஆர்டர் குறைந்தால், நல்ல டப்பா பெட்டி பெட்டியாக வீணாவதைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் எங்கள் நிறுவனத்தின் வருடாந்திரப் பசுமை அறிக்கையில் இருக்கிறது. பித்துக்கு அதில் ஒரே ஒரு வரி: "புதுப்பிக்கத்தக்க, இயற்கையான வளர்ப்புப் பொருள்." அந்த வரியை எழுதிக்கொடுத்தவளே நான்தான். அது பொய்யில்லை. ஒரு காலத்தில் பொள்ளாச்சிச் சாலையோரங்களில் மலைமலையாகக் கிடந்த கழிவுதான் இது, லேசில் மக்காது. பீட் என்கிற மக்கிய பாசிக்காகக் கனடாவின் சதுப்பு நிலங்களைத் தோண்டுவதற்கும், பாறையை உருக்கிச் செய்கிற ராக்வூலுக்கும் பதிலாக இதை வாங்குவது நல்லதுதான். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு போய்ப் பெரிய கப்பல் மாறிப் பாதி உலகம் சுற்றி வந்தாலும், கிலோவுக்குக் கணக்குப் பார்த்தால் கப்பல் புகை விளக்குகளோடு ஒப்பிடும் அளவுக்கு இல்லை.

விட்டுப்போனது தண்ணீர்.

பித்தில் இயற்கையாகவே உப்பு அதிகம். பொட்டாசியம், சோடியம், குளோரைடு. அப்படியே நட்டால் செடி கருகும். அதனால் நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். பிறகு கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, ஒட்டிக்கொண்டிருக்கிற மிச்ச உப்பையும் வெளியேற்றி மறுபடி கழுவ வேண்டும். உப்பை அளக்கிற ஈ.சி. அளவு 0.5க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எங்கள் கொள்முதல் ஆணையில் நான் தட்டச்சு செய்கிற வரி. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்கிற வரி அதில் இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா என்னைத் தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டிப்போய் ஒரு வாளி இறைத்துக் காட்டினார். தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் இருந்தது. வாயில் வைத்தால் கரிப்பு. "மேக்கால களத்துல பித் கழுவறாங்க கண்ணு. மூணு வருசமா இப்படித்தான். மாட்டுக்குக் காட்டுனா மூந்து பாத்துட்டுத் திரும்பிக்குது" என்றார். புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகளின் இலை நுனியெல்லாம் காய்ந்திருந்தது. அந்தக் களம் எங்களுக்குச் சரக்கு அனுப்புகிற இடமில்லை. அதை விசாரித்துத் தெரிந்துகொண்டபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் எங்களுக்கு அனுப்புகிறவரின் களத்துக்கே போனேன். மரியாதையாக உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். களத்தின் சரிவில் ஒரு மண்வாய்க்கால், அது போய்ச் சேர்வது ஒரு மண்குழி. அடியில் தார்ப்பாய்கூட இல்லை. அதே பழுப்புத் தண்ணீர், கரையில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. நான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க கேக்கற ஈ.சி.க்கு நாலு தடவை கழுவணுங்க மேடம். தொட்டி கட்டி, தண்ணியச் சுத்தம் பண்ணி, மறுபடி ஓட்டலாம். அதுக்குச் செலவாகுமுங்க. போன வருசம் நீங்களே கிலோவுக்கு ரெண்டு சென்ட் குறைச்சீங்களே" என்றார். குறைத்தது நான்தான். அந்த வருடம் அதற்காக அலுவலகத்தில் எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்.

இங்கே எங்கள் பசுமைக்குடிலிலிருந்து உரம் கலந்த தண்ணீரை ஒரு வாளிகூட ஓடையில் விட முடியாது. ஈரி ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. 2014 ஆகஸ்டில் அந்த ஏரியில் பாசி நஞ்சு கலந்து, எதிர்க்கரையில் டொலீடோ நகரத்தில் சுமார் 4 லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் போனது. அதற்குப் பிறகு ஏரிக்குப் போய்ப் பாசியை வளர்க்கிற பாஸ்பரஸை 40 சதவீதம் குறைப்பதாகக் கனடாவும் அமெரிக்காவும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நாங்கள் தண்ணீரைச் சேமித்து, மறுபடி ஓட்டி, மிச்சத்துக்குக் கணக்கு எழுதுகிறோம். தமிழ்நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. பாதிப்பில்லாத வெள்ளை வகையில் இருந்த இந்தத் தொழிலை 2021இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாசு கூடுதலான ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. தொழில் நடத்துகிறவர்கள் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்களை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். தொட்டி கட்டு என்று அரசாங்கம் சொல்கிறது, விலையைக் குறை என்று வாங்குகிற நான் சொல்கிறேன். நடுவில் அவர்கள் என்ன செய்வார்கள்?

இந்த வருட ஒப்பந்தத்துக்கு நான் மூன்று விஷயங்களை எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஒன்று, கழுவும் களத்துக்குக் கசியாத தொட்டியும், தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் ஏற்பாடும் இருக்க வேண்டும். அதற்கான செலவை நாங்கள் விலையில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, கழுவுகிற இடத்தைச் சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரை வருடத்துக்கு இரண்டு முறை சோதித்து எங்களுக்கு அனுப்ப வேண்டும், சோதனைச் செலவு எங்களுடையது. மூன்றாவது, ஒரு பயிர் முடிந்ததும் பித்தைத் தூக்கி எறிகிற பழக்கத்தை நிறுத்த வேண்டும். பக்கத்திலேயே தக்காளி போடுகிறவர்கள் ஒரே நார்ப்பையில் ஒன்றுக்கு மேற்பட்ட பருவம் எடுக்கிறார்கள். நாங்கள் நோய்க்கும் ஆய்வகச் சோதனைக்கும் பயந்து ஒரே பயிரோடு விட்டுவிடுகிறோம். நீராவியில் வேகவைத்தால் இரண்டாம் முறைக்கு ஆகும். கனடாச் சட்டப்படி கஞ்சாச் செடியின் வேர் கஞ்சாக் கணக்கில் வராது. ஆகவே வேர் பின்னிக்கிடக்கிற பழைய பித்தை அழிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, உழவர்களுக்கு உரமாகக் கொடுக்கலாம். இரண்டு முறை பயன்படுத்தினாலே வாங்குவது பாதியாகும், அங்கே கழுவுவதும் பாதியாகும்.

மேலிடத்திலிருந்து வந்த முதல் பதில், "நம் வேலிக்கு வெளியே நடப்பதற்கு நாம் பொறுப்பாக முடியுமா?" என்பது. வேலிக்கு வெளியே ஓடுகிற லாரிப் புகையை மட்டும் அறிக்கையில் சேர்த்துக்கொள்கிறோமே என்று திருப்பி எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் கூட்டம் இருக்கிறது.

உங்கள் வாசகர்களில் பசுமைக்குடில்களிலும், கஞ்சாக் கடைகளிலும், சரக்கு அனுப்பும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கஞ்சாவே வேண்டாம் என்கிறவர்களும் இருப்பார்கள், அவர்கள் கருத்தை நான் மதிக்கிறேன். காய்கறி, பூச்செடி வளர்க்கிறவர்களும் இதே பித்தைத்தான் வாங்குகிறார்கள். பைமேல் ஊர்ப் பெயர் அச்சடித்திருக்கும். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று உங்கள் கொள்முதல் ஆளிடம் ஒரு முறை கேளுங்கள். என்னிடம் ஆறு வருடத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அப்பா இப்போது குடிதண்ணீரை லாரியில் வாங்குகிறார். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கூட்டம் எப்போது என்று மறக்காமல் கேட்கிறார்.

இப்படிக்கு,
பொள்ளாச்சியில் பிறந்த ஒரு கொள்முதல் அலுவலர்,
லெமிங்டன், ஒன்டாரியோ
(இன்னும் அங்கேயே வேலை செய்வதால் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)