வில்லியம்ஸ்பர்க் போகப்போகும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

"புஷ் கார்டன்ஸ் மூணு நாள், வில்லியம்ஸ்பர்க் அரை நாள், போதுமாக்கா?" என்று போனில் கேட்டாய். போதாதுடா. போனில் சரியாகச் சொல்ல முடியவில்லை, இதே கேள்வியை இங்கே ரிச்மண்டில் பிள்ளை வைத்திருக்கும் நம் ஆட்கள் பலரும் கேட்கிறார்கள், அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன்.

நீ வட கரோலினாவின் கேரியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி வருகிறாய். புஷ் கார்டன்ஸ் கேளிக்கைப் பூங்காவின் ரோலர் கோஸ்டர் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் இருக்கட்டும். ஆனால் வில்லியம்ஸ்பர்க் பழைய நகரத்துக்கு முழுசாக இரண்டு நாள் ஒதுக்கு. அரை நாளில் போனால் நீ ஒரு தெருவை நடந்து கடப்பாய், மூன்று மூலைத் தொப்பி ஒன்று வாங்குவாய், தண்டனைக் கட்டையில் தலையை நுழைத்துப் படம் எடுப்பாய், பெரியவன் "போரிங்" என்பான், திரும்பிவிடுவீர்கள். அது பிள்ளைகளின் குற்றம் கிடையாது. அந்த ஊரை ஓடிக்கொண்டே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதலில் அது என்ன இடம் என்று சொல்கிறேன். 1699 முதல் 1780 வரை, முதலில் ஆங்கிலேயர் ஆண்ட வர்ஜீனியா காலனிக்கும் பிறகு வர்ஜீனியா மாநிலத்துக்கும் தலைநகரம். தலைநகரம் ரிச்மண்டுக்கு மாறியதும் ஊர் தூங்கிப்போனது. 1926-ல் அங்கே இருந்த தேவாலயத்தின் பாதிரியார் குட்வின், பெரும் பணக்காரரான ஜான் டி. ராக்கஃபெல்லர் ஜூனியரைப் பேசிச் சம்மதிக்க வைத்த பிறகுதான் ஊரை மீட்டெடுக்கிற வேலை ஆரம்பித்தது. இன்றைக்குச் சுமார் 300 ஏக்கர். அதில் 89 கட்டடங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டியவை, மற்றவை அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துத் திரும்பக் கட்டியவை. உன் பெரியவனுக்கு எதற்கும் ஆதாரம் வேண்டும் இல்லையா, அவனிடம் இதைச் சொல்: ஆளுநர் மாளிகை 1781-ல் எரிந்துபோனது. 1929-ல் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் ஒரு செப்புத் தகடு கிடைத்தது, அதில் அந்த ஊரின் முக்கியக் கட்டடங்கள் செதுக்கப்பட்டிருந்தன. அந்தத் தகடு, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சன் அளவெடுத்து வரைந்த வரைபடம், மண்ணுக்கடியில் கிடந்த அஸ்திவாரம், இவற்றை வைத்துத்தான் மாளிகையைத் திரும்ப எழுப்பினார்கள். "இது உண்மையா, டூப்ளிகேட்டா?" என்று ஒவ்வொரு வாசலிலும் அவன் கேட்கட்டும், அங்கே இருப்பவர்கள் ஒளிக்காமல் பதில் சொல்வார்கள். சட்டசபை கூடிய கேபிட்டல் கட்டடத்தில் கட்டாயம் கேட்கச் சொல். 1776 மே 15 அன்று வர்ஜீனியாக்காரர்கள் சுதந்திரம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது அந்த இடத்தில்தான், ஆனால் இன்று நிற்பது 1747-ல் எரிந்துபோன முதல் கட்டடத்தின் மறுவடிவம். தீர்மானம் போட்டது அதற்கு அடுத்து வந்த கட்டடத்தில். வரலாறு எப்படித் தெரியவருகிறது என்று பிள்ளைகள் இதைப் போன்ற இடத்தில்தான் யோசிக்க ஆரம்பிப்பார்கள்.

சரி, பட்டறைகளுக்கு வருவோம். எனக்கு அந்த ஊரில் மிகவும் பிடித்தது அதுதான். கொல்லர், அச்சுக்காரர், தச்சர், பீப்பாய் செய்கிறவர், செருப்புத் தைக்கிறவர், டோப்பா செய்கிறவர் எல்லோரும் அந்தக் காலத்து உடையில் அந்தக் காலத்துக் கருவியோடு உண்மையாகவே வேலை செய்கிறார்கள். அவர்கள் நடிகர்கள் இல்லை. வருடக்கணக்கில் அங்கேயே பழகுநராக இருந்து தொழில் கற்றவர்கள், நம்மிடம் இன்றைய மனிதர்களாகவே பேசுவார்கள். வாஷிங்டனாகவோ மார்த்தா வாஷிங்டனாகவோ வருகிறவர்கள் வேறு வகை, அவர்கள் அந்தப் பாத்திரத்தை விட்டு வெளியே வரமாட்டார்கள். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்கு முன்னாடியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் சின்னவள் ஜெஃபர்சனிடம் போய் ஐபேட் பற்றிக் கேட்டுவிட்டுக் குழம்புவாள்.

எல்லாப் பட்டறைக்கும் போகாதே. இரண்டு போதும். ஒவ்வொன்றிலும் முக்கால் மணி நேரம் நில்லுங்கள். கொல்லர் உலையில் துருத்தி ஊதி, இரும்பு பழுத்து, அடித்து, திரும்ப உலையில் வைத்து, ஒரு கதவுக் கீல் உருவாகிற வரைக்கும் நின்றால்தான் பெரியவனுக்கு ஒரு கீலுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்று தெரியும். ஐந்து நிமிடத்தில் நகர்ந்துவிட்டால் அவன் பார்த்தது நெருப்பு மட்டும்தான். சின்னவளுக்குச் செங்கல் சூளை. கோடையில் போனால் வெறுங்காலோடு குழிக்குள் இறங்கிக் களிமண்ணை மிதிக்க விடுவார்கள், முழங்கால் வரை சேறு. அந்த மண்ணைத்தான் அச்சில் அடித்துக் காயவைத்து இலையுதிர் காலத்தில் சூளை போடுவார்கள். அவள் மிதித்த மண் ஒருநாள் அங்கேயே ஒரு சுவரில் இருக்கும் என்று சொல்லிப்பார், எவ்வளவு சந்தோஷப்படுவாள்! மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு போ.

அச்சுக்கூடத்துக்குப் போனால் கிளமெண்டினா ரிண்ட் பற்றிக் கேளுங்கள். 1773-ல் கணவர் இறந்ததும் வர்ஜீனியா கெஸட் பத்திரிகையைத் தானே எடுத்து நடத்தியவர், அடுத்த வருடம் ஜெஃபர்சனின் அரசியல் பிரசுரம் ஒன்றை அச்சிட்டவர், அந்த வருடமே இறந்துபோனார். ஒரே வருடத்தில் இவ்வளவு செய்த பெண்ணைப் பற்றி நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது இருந்தால் நன்றாக இருக்கும்.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்கான காரணம். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து நடந்த அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் அந்த ஊரில் சுமார் 2,000 பேர் இருந்தார்கள், அதில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள், ஏறக்குறைய எல்லோரும் அடிமைகள். சுதந்திரம் சுதந்திரம் என்று முன்கூடத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்கட்டில் சோறு பொங்கியது யார் என்று பார்க்காமல் அந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. "சின்னப் பிள்ளைகளிடம் அதையெல்லாம் எதுக்கு" என்று உன் மனைவி தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் தம்பி, அங்கே எத்தனையோ பிள்ளைகள் அடிமைகளாகவே பிறந்தார்கள். நம் பிள்ளைகளுக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வயது வந்துவிட்டது.

பெய்ட்டன் ராண்டால்ஃப் வீட்டுக்கு அழைத்துப் போ. காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய முதல் கான்டினென்டல் காங்கிரஸுக்குத் தலைமை தாங்கியவரின் வீடு. அந்த வீட்டில் 27 பேர் அடிமைகளாக இருந்தார்கள். முன்வாசலில் இருக்கும் மரவேலைப்பாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், பின்னால் மூடிய நடைபாதை வழியாகச் சமையற்கட்டுக்குப் போங்கள். அங்கே ஈவ் என்ற பெண்ணின் கதையைக் கேளுங்கள். 1775 நவம்பரில் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர், கிளர்ச்சிக்காரர்களிடமிருந்து ஓடிவந்து தன் பக்கம் ஆயுதம் ஏந்தும் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார். அந்தக் காலத்தில் ஆங்கிலேயர் பக்கம் ஓடிப்போனவர்களில் ஈவும் ஒருத்தி. திரும்பப் பிடிபட்டாள். அவளுடைய "கெட்ட நடத்தை" காரணமாக அவளை விற்க வேண்டியதாயிற்று என்று எஜமானி பெட்டி ராண்டால்ஃப் தன் உயிலில் எழுதி வைத்திருக்கிறாள். விடுதலை தேடிப் போனதற்கு அந்த வீட்டில் பெயர் கெட்ட நடத்தை. இதைப் பெரியவனிடம் சொல்லிவிட்டு நீ ஒன்றும் விளக்காதே. அவன் கேட்கட்டும்.

அப்புறம் பிரே பள்ளிக்கூடம். 1760 முதல் 1774 வரை ஆன் வேகர் என்ற ஆசிரியை, அடிமைப் பிள்ளைகளுக்கும் விடுதலை பெற்ற கறுப்பினப் பிள்ளைகளுக்கும் எழுத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்த இடம். பெரிதாக நல்லெண்ணம் என்று நினைத்துவிடாதே, அடிமைத்தனத்தை ஏற்றுக்கொள்ளும் சமயப் பாடமும் அதில் இருந்தது. ஆனால் படிக்கத் தெரிந்த பிள்ளை அதோடு நின்றுவிடாது. அந்தப் பள்ளி முதலில் நடந்த கட்டடம் பக்கத்திலேயே வில்லியம் அண்ட் மேரி கல்லூரி வளாகத்தில் வேறு ஏதோ வீடாக இருந்து, 2020-ல் மரத்தின் வளையங்களை ஆராய்ந்து இதுதான் அது என்று கண்டுபிடித்து, 2023 பிப்ரவரியில் முழுக் கட்டடத்தையும் லாரியில் ஏற்றிப் பழைய நகரத்துக்குள் கொண்டுவந்தார்கள். அங்கே படித்த பிள்ளைகளில் சிலரின் பெயர்ப் பட்டியல்கள் கிடைத்திருக்கின்றன. மூன்று வயதுப் பிள்ளைகள்கூட இருந்தார்கள். உன் பிள்ளைகளிடம் அந்தப் பெயர்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்.

என் மகள் அந்த ஊரில் நடக்கும்போது ஒரு கேள்வி கேட்டாள். "அம்மா, அப்போ நாம இங்க இருந்திருந்தா எந்த வீட்ல இருந்திருப்போம்?" உன் பிள்ளைகளும் கேட்பார்கள். அதற்கு என்னிடம் இருக்கும் பதில் இரண்டு துண்டு. ஒன்று, மார்கரெட் ஹண்டர் கடையில் துணி தைக்கிறவர்களிடம் சீட்டித் துணியைக் காட்டச் சொல்லுங்கள். நம் சோழமண்டலக் கரையில் சாயமேற்றிய அந்தத் துணியை இங்கிலாந்துக்குள் உடுத்தச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், காலனிகளுக்கு ஏற்றுமதி செய்ய மட்டும் அனுமதி இருந்தது. நாம் வராவிட்டாலும் நம் கைவேலை வந்திருக்கிறது. இரண்டாவது, கொஞ்ச தூரத்தில் ஆங்கிலேயர் அமெரிக்காவில் முதலில் நிலைத்துக் குடியேறிய ஜேம்ஸ்டவுன். ஆட்களைக் கப்பலில் கொண்டுவருகிறவர்களுக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என்று அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. 1635-ல் ஜார்ஜ் மெனிஃபி என்ற வணிகர் அப்படி நிலம் வாங்கிய ஆவணத்தில் "டோனி, கிழக்கிந்தியர்" என்று ஒரு பெயர் இருக்கிறது. ஊர் பெயர் இல்லை, உண்மைப் பெயரும் இல்லை. ஒருவருக்கு ஐம்பது ஏக்கர் என்ற கணக்கில் ஒரு வரி. ஜேம்ஸ் நதிக்கரையில் நின்று என் மகளிடம் இதைச் சொன்னபோது "அவர் திரும்பி வீட்டுக்குப் போனாரா?" என்று கேட்டாள். போனதாக எதுவும் எழுதியிருக்கவில்லை என்றுதான் சொன்னேன்.

ஜேம்ஸ்டவுனில் இரண்டு இடம் இருக்கிறது, மாற்றிப் போய்விடாதே. ஜேம்ஸ்டவுன் செட்டில்மென்ட் என்பது மாநில அரசின் அருங்காட்சியகம், 1607-ல் வந்த மூன்று கப்பல்களின் மாதிரியில் பிள்ளைகள் ஏறி இறங்கலாம். ஹிஸ்டாரிக் ஜேம்ஸ்டவுன் என்பது உண்மையான இடம், 1994-ல் தோண்ட ஆரம்பித்துக் கோட்டையைக் கண்டுபிடித்தார்கள், இன்னும் தோண்டுகிறார்கள். சின்னவளுக்கு முதலாவது, பெரியவனுக்கு இரண்டாவது. போகிற வழியில் காலனியல் பார்க்வேயைப் பிடி, 23 மைல், லாரி கிடையாது, விளம்பரப் பலகை கிடையாது, இரண்டு பக்கமும் மரம்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். தெருவில் நடக்க டிக்கெட் வேண்டாம், கட்டடத்துக்குள்ளும் பட்டறைக்குள்ளும் போகத்தான் வேண்டும், அதனால் வந்த அன்று சாயங்காலம் சும்மா நடந்து பாருங்கள். ஜூலை வெயிலும் புழுக்கமும் சென்னை மாதிரியே இருக்கும், காலை ஒன்பதுக்குப் போய் மதியம் அறைக்குத் திரும்பி நான்கு மணிக்கு மேல் மறுபடி போ. பழைய காலத்துச் சாப்பாட்டுக் கடைகளில் சைவம் அதிகம் கிடையாது, தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் மாளிகைக்கு முன்னால் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு உன் மனைவியிடமும் காட்டு. தேதி முடிவானதும் சொல், திரும்பும்போது ரிச்மண்டில் ஒரு ராத்திரி எங்களோடு தங்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்புடன்,
அக்கா