லயம் குதிரை லாயமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த இதழின் ஆங்கிலச் சொல் பக்கத்தில் ‘லைன்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு கோடு, வரிசை, கவிதையின் அடி, தொலைபேசி இணைப்பு என்று நன்றாகவே சொல்லிக்கொண்டு வந்தீர்கள். நமது தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு, வந்ததும் வழுக்கிவிட்டீர்கள். குதிரை லாயம்தான் லயமாகத் திரிந்தது, துரைமார் குதிரை கட்டிய இடத்தில் தொழிலாளரைக் குடிவைத்தார்கள் என்பது மேடையில் கைதட்டு வாங்கும் விளக்கம். உண்மை வேறு.

இலத்தீனில் ‘லீனும்’ என்றால் ஆளிச் செடி. அதன் நாரில் திரித்த நூல் ‘லீனியா’. லினன் துணியும் சட்டைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங்கும் அந்தச் செடியின் வழி வந்தவைதான். நூலை இழுத்துப் பிடித்தால் நேர்கோடு; கோட்டில் நிறுத்தினால் வரிசை. துணி காயப்போடும் கொடியையும் தூண்டில் நரம்பையும் ஆங்கிலத்தில் இன்றும் லைன் என்பது அந்தப் பழைய பொருளின் மிச்சம். மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனின் நூலைப் போல மனக்கோணலைத் தீர்ப்பது நூல் என்று நன்னூல் சொல்வதை இந்த இடத்தில் மாணவருக்குக் காட்டியிருக்கலாம். நம் சொல்லும் இழையில் தொடங்கி எழுத்தில் வந்து நின்றதுதானே.

வீட்டுக்கு அந்தப் பெயர் வந்தது பட்டாளத்து வழியில். படையாட்களின் கூடாரங்களும் குடிசைகளும் வரிசையாக நின்ற இடத்தை ஆங்கிலேயர் ‘லைன்ஸ்’ என்றார்கள். டில்லியிலும் நாக்பூரிலும் ‘சிவில் லைன்ஸ்’ என்ற பகுதிகள் இன்னும் இருக்கின்றன. அங்கே அது அதிகாரிகள் வாழ்ந்த இடத்தின் பெயர். இங்கே இலங்கையில் கோப்பித் தோட்டக் காலத்திலேயே ‘கூலி லைன்ஸ்’ ஆகிவிட்டது. 1867இல் கண்டிப் பக்கத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். பிறகு இலை நோயில் கோப்பி அழிந்து மலையெல்லாம் தேயிலை ஆனபோதும் வரிசை வீடுகள் மாறவில்லை. விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் ‘பெரட்டு’ம் ‘பரேட்’ என்ற பட்டாளச் சொல்தான். லாயம் அல்ல, பாசறை என்று எழுதியிருந்தால் உங்கள் கோபமும் சரியான இடத்தில் விழுந்திருக்கும்.

லைன் நம் வாயில் லயன் ஆனது; அந்த லயன் எப்படி லயம் ஆனது என்பதற்கும் குதிரை வேண்டியதில்லை. அறன் அறமாகவும் நிலன் நிலமாகவும் நிற்கிற மொழியில் லயன் லயமாவது இயல்பு. (இசையின் லயத்தோடு சேர்த்துச் சிலேடை செய்வதை நம் கவியரங்கக் கவிஞர்கள் இனியாவது விடலாம்.) ஒரே ஆங்கிலச் சொல் நம்மிடம் இரண்டு முறை வந்திருக்கிறது என்பதுதான் எனக்குச் சுவையாகப் படுகிறது. முன்னோர் காதால் கேட்டு வாங்கியது லயம். மேட்டு லயம், பணிய (கீழ்) லயம் என்றெல்லாம் அது ஊர்ப்பெயராகவே ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்து வழியாகப் பின்னர் வந்தது லைன். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் லைனில் நின்ற யாரும் லயத்தில் நின்றதாகச் சொல்லவில்லை. இன்னொன்று: கொழுந்து எடுக்கிறவர் பிடிக்கும் வரிசைக்கு நம்மிடம் ‘நிரை’ என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது, பேச்சில் ‘நெரை’. செடி வரிசைக்கு நம் சொல், குடியிருக்கும் வரிசைக்குத் துரையின் சொல்.

அதே இதழின் செய்திப் பக்கத்தில், 7 பேர்ச்சஸ் (நில அளவு) காணியில் கட்டிய தனி வீடுகளையும் ‘புதிய லயன் வீடுகள்’ என்று போட்டிருக்கிறீர்கள். வரிசைச் சுவர் இல்லாத வீடு எப்படி லயன் ஆகும்? பழையதை லயம் என்றே எழுதுங்கள், மறைக்க வேண்டாம். புதியதை வீடு என்று எழுதினால் போதும்.

இந்தப் பக்கத்தைத் தொடர்வதானால் லயத்துக்குள்ளேயே விஷயம் நிறைய இருக்கிறது. அறையைச் சொல்லும் ‘காம்பரா’ போர்த்துக்கேயம், முன் திண்ணையான ‘இஸ்தோப்பு’ ஒல்லாந்தம். மாறாக, நம் ‘கங்காணி’ ஆங்கிலத்துக்குப் போன சொல். அடுத்த முறை அதிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
பொகவந்தலாவை.