பள்ளிப் பணியாளர் பாதுகாப்பு: சனிக்கிழமை கூட்டம்

பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் மூன்றாம் வகுப்புப் பையனுக்கு வேப்பமரத்தடியில் மூக்கு உடைந்து ரத்தம். ஆயாம்மா ஓடிப்போய் முந்தானையாலேயே துடைத்துவிட்டார். அவர் விரலில் அருவாமணை வெட்டு இன்னும் ஆறவில்லை. பிள்ளை நலம். ஆனால் ஆயாம்மாவை யார் பார்ப்பது?

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி, அப்புறம் எச்.ஐ.வி. மூன்றும் ரத்தம் வழியாகப் பரவும். காய்ந்த ரத்தத்திலும் ஹெபடைடிஸ் பி கிருமி 7 நாளாவது உயிரோடு இருக்கும். அதற்கு மட்டும்தான் தடுப்பூசி உண்டு.

வரும் சனிக்கிழமை காலை 10 மணி, பள்ளி வளாகம். செய்ய வேண்டியவை:

1. ஆசிரியர், ஆயா, சமையலர், வேன் ஓட்டுநர் எல்லாருக்கும் தடுப்பூசி: முதல் ஊசி, அதிலிருந்து 1 மாதம் கழித்து இரண்டாவது, 6 மாதம் கழித்து மூன்றாவது. செலவை நாம் பகிர்வோம்.
2. வகுப்புக்கு ஒரு பெட்டி கையுறை.
3. சிந்திய ரத்தத்தைக் கையுறையோடு துடைத்து, 1 பங்கு ப்ளீச், 9 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் விடவும்.
4. காயத்தில் ரத்தம் பட்டால் பிதுக்க வேண்டாம். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு (பாளையங்கோட்டை அரசு மருத்துவமனை) போகவும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.
5. எந்தப் பிள்ளைக்கு நோய் என்று விசாரிக்காதீர்கள். யார் ரத்தமானாலும் ஒரே கவனம்தான்.

அப்புறம், வீட்டில் நர்ஸ், டாக்டர் யாராவது இருந்தால் அழைத்து வாருங்கள். வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் ‘வருகிறேன்’ என்று இங்கேயே பதில் போடவும்.