டிப்ஸ் என்ற பெயரில் எங்கள் பில்லில் ஏறும் 10 சதவீதம் குறித்துப் புகார்

அனுப்புநர்:
விமான இயக்கப் பிரிவு,
உங்களிடம் மாதக் கணக்கு வைத்துள்ள சார்ட்டர் (வாடகை விமான) நிறுவனம்.

பெறுநர்:
பொது மேலாளர்,
தனியார் முனையங்கள் மற்றும் தரைச்சேவைப் பிரிவு.

பொருள்: ‘ஊழியர் பாராட்டுத் தொகை’ என்று கட்டாயமாகப் பிடிக்கும் 10 சதவீதத்தை நீக்கவும், இதுவரை பிடித்ததற்குக் கணக்குத் தரவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த மூன்று மாதங்களாக உங்கள் முனையங்களிலிருந்து வரும் ஒவ்வொரு பில்லிலும் ‘ஊழியர் பாராட்டுத் தொகை – 10%’ என்று ஒன்று சேர்ந்து வருகிறது. நாங்கள் கேட்டதில்லை, ஒப்பந்தத்திலும் இல்லை. எடுக்கச் சொன்னால், சிஸ்டம் தானாகப் போடுகிறது, எங்களால் எடுக்க முடியாது என்று கவுன்டரில் சொல்கிறார்கள். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று கேட்டால் அதற்கும் அங்கே பதில் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். டிப்ஸ் கொடுப்பதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் விமானிகளிடம் இதற்கென்றே தனியாகப் பணம் கொடுத்து அனுப்புகிறோம். யாருக்கு, எந்த வேலைக்கு என்று எழுதி வாங்கியும் வைக்கிறோம். எங்கள் புகார், நீங்கள் பிடிப்பது டிப்ஸே அல்ல என்பதுதான்.

10 சதவீதம் எதன் மீது என்று பாருங்கள். கையாளல் கட்டணம், எரிபொருள், கழிவறைச் சேவை, ஜி.பி.யு. (தரையில் மின்சாரம் தரும் கருவி), பனி நீக்கத் திரவம் எல்லாவற்றையும் கூட்டி அதன் மீது. உணவகத்துக் கணக்கை ராம்ப்புக்கு, அதாவது விமானம் நிற்கும் தளத்துக்கு, கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு எரிபொருள் ஒன்றே போதும். பெரிய ஜெட்டில் 6,000 லிட்டர் ஏற்றுவது அழுத்த முறையில், ஒரே இணைப்பில். நிலைமின்சாரப் பொறி வராமலிருக்கப் பாண்டிங் கேபிளை மாட்டி, ஹோஸைப் பொருத்தி, விட்டால் எரிபொருள் நின்றுவிடும் டெட்மேன் பிடியை அழுத்திக்கொண்டு நின்றால், எந்த டேங்கில் எவ்வளவு என்பதை விமானத்தின் பேனல் பார்த்துக்கொள்ளும். இறக்கை மேல் மூடி உள்ள சின்ன டர்போபிராப்பில் (சுழலிறகு விமானத்தில்) 800 லிட்டர் ஊற்றுவது வேறு கதை. ஏணி வேண்டும், இறக்கை கீறாமலிருக்கப் பாய் விரிக்க வேண்டும், நாசிலைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாக நிரப்பிவிட்டு மறுபக்கம் போனால் எடை சாயும் என்பதால் பாதி இங்கே, பாதி அங்கே என்று மாறி மாறி ஊற்ற வேண்டும். எரிபொருளில் உள்ள நீர் உறையாமலிருக்க உறைதடுப்புச் சேர்க்கை கேட்டிருந்தால், எரிபொருள் ஓடும்போதே அது 0.10 முதல் 0.15 சதவீதம் வரை கலந்து இறங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். மொத்தமாக ஊற்றினால் கலக்காமல் அடியில் தங்கி டேங்கின் பூச்சை அரிக்கும். கடைசியில் மூடி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். பூட்டாமல் விட்டால் பறக்கும்போது காற்றோட்டம் எரிபொருளை வெளியே உறிஞ்சிவிடும். இத்தனையும் செய்தவருக்கு உங்கள் கணக்குப்படி வரக்கூடியது, பெரிய ஜெட்டில் ஹோஸ் மாட்டியவருக்கு வருவதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை.

பனி நீக்கத்தில் இந்தச் சதவீதக் கணக்கு அநியாயம் என்பதோடு நிற்பதில்லை. திரவத்துக்கு லிட்டர் கணக்கில் விலை. தெளிக்கத் தெளிக்க ஊழியர் தொகையும் ஏறும் என்று நீங்களே எழுதி வைத்துவிட்டீர்கள். பனியை நீக்கும் சூடான ஆரஞ்சு நிற வகை 1 திரவத்தை எப்போது நிறுத்துவது, அதன் மேல் மீண்டும் பனி பிடிக்காமல் காக்கும் பச்சை நிற வகை 4 எந்த அளவுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் இறக்கையின் மேற்பரப்பைப் பார்த்தும் தொட்டும் முடிவாக வேண்டியவை. தாங்கு நேரமோ (திரவம் பனி பிடிக்காமல் காக்கும் நேரம்) கடைசிக் கட்டத் தெளிப்பு தொடங்கிய நிமிடத்திலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் தெளிப்பவர் மனதில் வேறு எந்தக் கணக்கும் இருக்கக் கூடாது. உங்கள் ஆட்கள் அப்படிச் செய்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பத்துப் பைசா அவர்கள் கைக்குப் போகிறதா என்பதே தெரியாதபோது எப்படிச் சொல்வது?

இனி கழிவறைச் சேவை. உங்கள் விலைப்பட்டியலில் இதன் கட்டணம் மிகச் சிறியவற்றில் ஒன்று, ஆகவே அதன் 10 சதவீதமும் சிறியது. ராம்ப்பில் டிப்ஸுக்கு இதைவிட உரிய வேலை எது என்று எங்கள் விமானிகளில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கையுறை, கண்ணாடி, மேலங்கி போட்டுக்கொண்டு, விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்து, கதவைத் திறந்து, உள்மூடியைக் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். உள் வால்வு கசிந்திருந்தால் மூடிக்குப் பின்னால் சேர்ந்து நிற்பது நேராக முகத்துக்கு வரும். அதனால்தான் ஒரே இழுப்பில் திறப்பதில்லை. ஹோஸின் முனை முழுதாகத் திரும்பிப் பூட்டிய பிறகே வடிகால் பிடியை இழுக்க வேண்டும். வடிந்ததும் கழுவும் குழாயில் நீர் விட்டு அலச வேண்டும், பிறகு கழிவறைத் தொட்டிக்கான நீலத் திரவத்தை அந்த விமானத்துக்குச் சொன்ன அளவு மட்டும் ஊற்ற வேண்டும். கூடிப்போனால் மேலே ஏறும்போது கேபினுக்குள் தளும்பும். மூடி சரியாக உட்காராவிட்டால் கசிவது உயரத்தில் நீலப் பனிக்கட்டியாகக் கட்டி, இறங்கும்போது பெயர்ந்து விழும். வெளி இணைப்பே இல்லாத சிறு ஜெட்களில் தொட்டியைக் கழற்றி, மூடி போட்டு, கேபின் கம்பளத்தின் மேல் ஒரு சொட்டு சிந்தாமல் படி வழியே இறக்க வேண்டும். செய்து முடித்தவர் அதே கையுறையோடு குடிநீர் வண்டியைத் தொடக் கூடாது என்பதால் அடுத்த வேலைக்கும் அவர் உடனே போக முடியாது.

பெரும்பாலும் இது இரவு ஷிப்டில் நடக்கிறது. மாலையில் விமானம் வந்து நிற்கும். சக்கரம் உருளாமலிருக்கத் தடைக்கட்டைகளை (சாக்ஸ்) வைத்து பெட்டிகளை இறக்குபவர்கள் ஒரு குழு. நள்ளிரவில் டோ பார் (இழுவைக் கம்பி) மாட்டி, இரண்டு இறக்கை முனைகளுக்கும் ஆள் நிறுத்தி, முன்சக்கரத் திருப்ப எல்லையைத் தாண்டாமல் ஹேங்கருக்குள் தள்ளுபவர்கள், கழிவறை பார்ப்பவர்கள் இன்னொரு குழு. காலையில் வெளியே இழுத்து, ஜி.பி.யு. கொடுத்து, ஐஸும் காபியும் ஏற்றிச் சிரித்த முகத்தோடு நிற்பவர்கள் மூன்றாவது குழு. கையில் கொடுத்தால் பணம் இந்த மூன்றாவது குழுவுக்கே போகிறது என்பது உண்மையான குறைதான். அதைச் சரிசெய்யத்தான் பில்லில் சேர்த்தோம் என்பது உங்கள் விளக்கம் என்றால் கேட்கத் தயாராக இருக்கிறோம். ஆனால் அதற்கு எந்த விமானத்தில், எந்த ஷிப்டில், யார் வேலை செய்தார் என்ற பதிவு வேண்டும். அந்தப் பதிவு உங்கள் வேலை ஆணைகளில் ஏற்கெனவே இருக்கிறது. பணத்தை மட்டும் ஏன் அதனோடு இணைக்கவில்லை?

பில்லில் ஏறியதால் இன்னொரு வினையும் வந்திருக்கிறது. பயண ஏற்பாட்டு நிறுவனம் வழியே பில் வரும்போது, அவர்கள் தாங்கள் முன்கூட்டிச் செலுத்திய ஒவ்வொரு தொகையின் மேலும் தங்கள் நிர்வாகக் கட்டணத்தைப் போடுவார்கள். டிப்ஸின் மேலும் போடுகிறார்கள். கட்டாயக் கட்டணம் என்பதால் அதற்கு விற்பனை வரியும் வருகிறது; பிரிட்டனில் தானாக விரும்பிக் கொடுக்கும் டிப்ஸுக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது, கட்டாயச் சேவைக் கட்டணத்துக்கு உண்டு. ஊழியருக்கு 100 சேர வேண்டும் என்று நினைத்தால் நாங்கள் 100-க்கும் மேலே கொடுக்கிறோம், அவருக்கு எவ்வளவு சேர்கிறது என்பது யாருக்கும் தெரியாது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்கள். இங்கே பிள்ளையாருக்காவது உடைத்தீர்களா என்பதே கேள்வி.

பல நாடுகளில் முனையம் நடத்தும் உங்களுக்குச் சட்டம் தெரியாமல் இருக்காது. அமெரிக்க வருவாய்த் துறையின் 2012-18 என்ற எண்ணுள்ள தீர்ப்பு, டிப்ஸ் எது, சேவைக் கட்டணம் எது என்று பிரிக்க நான்கு அளவுகோல்களைச் சொல்கிறது: கட்டாயம் இருக்கக் கூடாது, தொகையைக் கொடுப்பவரே முடிவு செய்ய வேண்டும், முதலாளியின் கொள்கையோ பேரமோ அதைத் தீர்மானிக்கக் கூடாது, யாருக்கு என்பதைச் சொல்லும் உரிமை பொதுவாகக் கொடுப்பவருக்கு இருக்க வேண்டும். உங்கள் 10 சதவீதம் நான்கிலும் தேறாது. அதே நாட்டில் 2018-ல் வந்த சட்டத் திருத்தப்படி, டிப்ஸை முதலாளி எடுத்துக்கொள்ளக் கூடாது, மேலாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் பங்கு கொடுக்கவும் கூடாது. பிரிட்டனில் 2023-ல் இயற்றி 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிப்ஸ் பங்கீட்டுச் சட்டம், முதலாளி கைவழியே வரும் சேவைக் கட்டணத்தையும் சேர்த்தே பிடிக்கிறது: அடுத்த மாத இறுதிக்குள் முழுதாக ஊழியருக்குப் போக வேண்டும், எழுத்தில் கொள்கை வேண்டும், பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அந்தக் கொள்கையின் நகலைத்தான் கேட்கிறோம். மற்ற நாடுகளிலும் அதே ஒழுங்கை வைத்துக்கொள்வதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

பணம் கட்ட நீட்டும் டேப்லெட் பற்றியும் சொல்ல வேண்டும். மாதக் கணக்கில் இல்லாமல் அட்டையில் கட்டும்போது எரிபொருள் ரசீதும் டிப்ஸ் திரையும் ஒரே ஓட்டத்தில் வருகின்றன. மீட்டர் தொடக்கம், முடிவு, லிட்டர், அடர்த்தி எல்லாம் ஒரு திரை. அது சில நொடி நிற்கிறது, உடனே 10, 15, 20 என்று மூன்று பொத்தான்கள். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. எரிபொருள் போட்டவர் பக்கத்தில் நிற்கும்போது விமானியின் கண் எதில் இருக்கும்? ரசீது என்பது பாதுகாப்பு ஆவணம். 1983-ல் ஏர் கனடா 143 என்ற விமானத்தில் கிலோவையும் பவுண்டையும் குழப்பிக்கொண்டு, லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் பவுண்டுக்கான 1.77-ஆல் பெருக்கி, தேவையானதில் பாதிகூட இல்லாமல் கிளம்பி நடுவானில் எரிபொருள் தீர்ந்தது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அளவைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அந்தத் திரை மூடிய பிறகு, விருப்பம் இருந்தால் திறக்கும் தனித் திரையாக டிப்ஸை வையுங்கள்.

கவுன்டரில் இருக்கும் டிப்ஸ் பெட்டியும் இடம் மாற வேண்டும். சில முனையங்களில் சுங்க, குடிநுழைவு அதிகாரிகளின் மேசையும் அதே கூடத்தில், அந்தப் பெட்டியிலிருந்து நான்கடி தூரத்தில் இருக்கிறது. பிரிட்டனின் 2010 லஞ்சத் தடுப்புச் சட்டத்தில், வேலை வேகமாக நடக்க அரசு ஊழியருக்குத் தரும் சிறு தொகைக்குக்கூட விலக்கு இல்லை. கேமராவில் எங்கள் விமானி பண உறை போடுவது எந்தக் கோணத்தில் எப்படித் தெரியும் என்று தணிக்கையில் விளக்கிக்கொண்டிருக்க எங்களால் முடியாது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். தானாக ஏறும் 10 சதவீதத்தை எங்கள் கணக்கிலிருந்து இந்த மாத பில் முதல் எடுத்துவிடுங்கள். கடந்த மூன்று மாதத்தில் பிடித்ததை எந்த முனையத்தில், எந்தத் தேதியில், எத்தனை பேருக்குப் பிரித்தீர்கள் என்று எழுத்தில் தாருங்கள். பெயர்கள் வேண்டாம், பணிப்பிரிவும் ஷிப்டும் போதும். பிரிக்கவில்லை என்றால் எங்களிடம் திருப்பித் தர வேண்டாம், வேலை ஆணைப்படி அந்த ஊழியர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கணக்கை அனுப்புங்கள். இனி, வால் எண் (விமானத்தின் பதிவெண்), தேதி, வேலை மூன்றும் எழுதிய டிப்ஸ் உறையை உங்கள் ஷிப்ட் பொறுப்பாளர் பதிவேட்டில் ஏற்றி, ரசீதில் கையெழுத்திட்டுத் தரும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். அந்தப் பொறுப்பாளர் அதில் பங்கு எடுக்கக் கூடாது. கார் கொண்டுவந்து நிறுத்துவதும் உணவு ஆர்டரைத் துரத்துவதும் கவுன்டர் ஊழியர்கள்தான், ஆகவே அவர்களுக்கும் பங்கு உண்டா என்பதை நீங்களே முடிவு செய்து சுவரில் எழுதி ஒட்டுங்கள். டிப்ஸ் வாங்க அனுமதி இல்லாத முனையங்கள் இருந்தால் அதையும் பட்டியலிட்டு அனுப்புங்கள், விமானிகளிடம் சொல்லிவிடுகிறோம்.

ஒன்றை உங்கள் ஆட்களுக்கும் தெரிவியுங்கள். எங்கள் விமானி யாராவது பணத்தை முன்னால் நீட்டி, இறக்கை முனைக்கு ஆள் இல்லாமலே தள்ளிவிடச் சொன்னாலோ, வரிசையில் முன்னே எரிபொருள் கேட்டாலோ மறுத்துவிடலாம். மறுத்தவர் பெயரை எங்களுக்கு அனுப்பினால் விமானியிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம். ஊழியர் மேல் புகார் வராது.

இன்னும் கட்டாமல் இருந்த பில்களில் ‘ஊழியர் பாராட்டுத் தொகை’ தவிர மீதி அனைத்தையும் இன்று செலுத்திவிட்டோம். அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம். மேலே கேட்ட கணக்கு வந்த ஏழு நாட்களுக்குள், உங்கள் முனையங்களின் பதிவேட்டில் உள்ள ஊழியர்களுக்கே போய்ச் சேரும் வகையில் அனுப்பிவைப்போம். பில் எண்களும் தேதிகளும் இத்துடன் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
விமான இயக்கப் பிரிவு மற்றும் கணக்குப் பிரிவு